லகூனா 69: ஹுவாராஸ் ஏஜென்சிகள் விற்கும் ஒரு நாள் மலையேற்றம் எப்படி?

பெரு நாட்டின் ஹுவாராஸ் ஊருக்குள் நடந்தால் நாலு கடைக்கு ஒரு டூர் ஏஜென்சி. எல்லா வாசலிலும் ஒரே நீல ஏரியின் படம் தொங்கும். அதுதான் லகூனா 69. கோர்டியேரா பிளாங்கா மலைத்தொடரில், 6,100 மீட்டரைத் தாண்டி நிற்கும் சக்ராராஹு சிகரத்தின் பனிப்பாறைக்கு அடியில், சுமார் 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போய், இரவு ஏழு மணி வாக்கில் திரும்பக் கொண்டுவந்து விடும் டூர் இது. போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். ஆனால் கொடுக்கிற காசுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கிடைப்பது முதலில் வேன். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஹுவாராஸிலிருந்து மலையேற்றம் தொடங்கும் செபோயாபம்பாவுக்குப் போக மூன்று மணி நேரம் ஆகும். யுங்காய் வரை ஷேர் வண்டியில் போய், அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்துச் சொந்தமாகப் போகிறவர்களும் உண்டு. போவது எளிது, சாயங்காலம் திரும்ப வண்டி கிடைப்பதுதான் கஷ்டம். அந்தக் கவலை இல்லாமல் செய்வதுதான் இந்த டூரின் பெரிய உபகாரம். கட்டணம் சீசனைப் பொறுத்து மாறும். கடைக்கே போய்க் கேட்டால் பொதுவாக 40 முதல் 70 சோல்களுக்குள் (சோல் என்பது பெருவின் நாணயம்) முடிந்துவிடும். இணையத்தில் டாலரில் பதிவு செய்தால் இதைவிடக் கூடும், உட்காரப் போவது அதே வேனில்தான். பல ஏஜென்சிகள் சேர்ந்து ஒரே வண்டிக்கு ஆள் பிடிப்பதால், எங்கள் கடை வேறு, பக்கத்துக் கடை வேறு என்கிற பேச்சுக்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஹுவாஸ்கரான் தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டு தனி, வெளிநாட்டவருக்கு ஒரு நாளுக்கு 30 சோல். காலை உணவும் மதிய உணவும் பெரும்பாலும் கட்டணத்தில் சேராது. ரொக்கத்தை, அதிலும் சில்லறையாக, வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குக்கூட ஒரு சோல் காசு தேவைப்படும்.

இரண்டாவது, வழிகாட்டி. பதினைந்து இருபது பேருக்கு ஒருவர். வேகமாக ஏறுகிறவர் முன்னால் போய்விடுவார், மூச்சு வாங்குகிறவர் பின்தங்குவார், நடுவில் இரண்டு கிலோமீட்டர் இடைவெளி விழும். அதில் ஒரே ஆள் எங்கே நிற்க முடியும்? ஆகவே கூடவே நடந்து வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதை தெளிவாக இருக்கிறது, சீசன் கூட்டத்தில் வழி தப்புவது அரிது. அவரிடமிருந்து உங்களுக்கு உண்மையில் வேண்டியது திரும்பும் கெடு: எத்தனை மணிக்குள் ஏரியைத் தொடவில்லை என்றால் திரும்ப வேண்டும் என்பது. ஏறக்குறைய மதியம் ஒரு மணி என்று சொல்வார்கள். கறாராகச் சொல்கிறவர் கிடைத்தால் நல்ல வழிகாட்டி கிடைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். "பார்த்துக்கலாம், எல்லாரும் ஏறிடலாம்" என்று சொல்கிற ஆளை நம்பிப் பிற்பகல் இரண்டு மணிக்கும் ஏறிக்கொண்டிருப்பது ஆபத்து.

டூரில் கிடைக்காத ஒன்று, உடம்பு உயரத்துக்குப் பழகுவது. இந்த மலையேற்றம் கெட்டுப்போக முதல் காரணம் இதுதான். லிமா கடலோரத்தில் இருக்கிறது. அங்கே ராத்திரி பஸ் ஏறினால் எட்டு மணி நேரத்தில் 3,050 மீட்டர் உயர ஹுவாராஸில் இறங்கலாம். இறங்கிய மறுநாளே லகூனா 69 போய்விட்டு அன்று இரவே லிமா திரும்புகிற திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். உடம்பு அதற்கு ஒத்துழைக்காது. 4,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 57 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். ஊட்டி, கொடைக்கானல் ஏறிய அனுபவம் இங்கே உதவாது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், ஹுவாராஸ் பஸ் நிலையம் அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஜிம்முக்குப் போய் உடம்பைத் தேற்றி வைத்திருப்பதும் உயரத்தால் வரும் மலைநோயைத் தடுக்காது; வேகமாக ஏறுகிற இளைஞர்களுக்குத்தான் பல நேரம் முதலில் தலை வலிக்கும்.

குறைந்தது மூன்று இரவு ஹுவாராஸில் தூங்கிய பிறகு போங்கள். முதல் நாள் ஊருக்குள்ளேயே மெதுவாக நடை. இரண்டாம் நாள் சுமார் 3,700 மீட்டரில் இருக்கும் வில்காகோச்சா ஏரி, அரைநாள் போதும். மூன்றாம் நாள் ஓய்வு, அல்லது உடம்பு ஒத்துழைத்தால் 4,450 மீட்டரில் உள்ள சுருப் ஏரி. அதற்கடுத்த நாள் 69. மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை எடுப்பதாக இருந்தால் ஊரிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். முன்தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, உயரம் ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரத்துப்போகும். பயப்பட வேண்டாம், அந்த மாத்திரை அப்படித்தான் செய்யும். கோகா இலைத் தேநீர் எல்லா இடத்திலும் கிடைக்கும், குடிக்கலாம். பழகுவதற்கு அது மாற்று இல்லை. மீதி இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அது சட்டவிரோதம். வேலையிடத்தில் போதைப்பொருள் சோதனை இருப்பவர்கள் தேநீரையும் தவிர்ப்பது நல்லது.

வேன் ஹுவாராஸிலிருந்து முதலில் கீழேதான் இறங்கும். யுங்காய் ஊர் சுமார் 2,500 மீட்டர். அங்கிருந்து மண் சாலையில் வளைந்து வளைந்து 3,900 மீட்டருக்கு ஏறும். காது அடைக்கும், வாந்தி வருகிறவர்களுக்கு வரும். முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வழியில் காலை உணவுக்கு அரை மணி நேரம் நிறுத்துவார்கள். சைவக்காரர்களுக்குக் கவலை இல்லை: ரொட்டியில் அவகாடோ, ரொட்டியில் சீஸ், முட்டை சேர்த்தால் முட்டை ரொட்டி, சூடான கினோவாக் கஞ்சி. மதியத்துக்கும் இரண்டு ரொட்டி அங்கேயே கட்டி வாங்கிவிடலாம், மேலே கடை கிடையாது.

யுங்காயில் வழிகாட்டி என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். 1970 மே 31 நிலநடுக்கத்தில் ஹுவாஸ்கரான் மலையின் வடக்கு உச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து வந்து பழைய யுங்காய் ஊரையே மூடிவிட்டது. மேட்டில் இருந்த கல்லறைத் தோட்டத்துக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். ஊர் இருந்த இடத்தை இன்றும் நினைவிடமாகவே வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே அழகாகத் தெரிகிற அந்தப் பனிமலைக்கும் இந்த ஊர்களுக்கும் உள்ள உறவை எடுத்துச் சொல்கிறவரும் இருக்கிறார், தூங்கிக்கொண்டே வருகிறவரும் இருக்கிறார். அநேகமாக ஸ்பானிஷ் மொழியில்தான் பேசுவார்கள். "பைலிங்குவல் கைடு" என்று எழுதியிருந்தாலும் ஆங்கிலம் நாலு வாக்கியத்தோடு நின்றுவிடலாம்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் யாங்கனுக்கோ பள்ளத்தாக்கில் சீனான்கோச்சா ஏரி வரும், 3,850 மீட்டர். போகும்போதோ திரும்பும்போதோ கால் மணி நேரம் நிறுத்துவார்கள். கரையில் நிற்கும் கெனுவால் மரத்தின் அருகே போய்ப் பாருங்கள். செம்பழுப்புப் பட்டை காகிதம் காகிதமாக உரிந்து தொங்கும், அடுக்கடுக்காக இருக்கும் அந்தப் பட்டைதான் மரத்துக்குக் குளிர்க் கம்பளி. உரித்துப் பார்க்காதீர்கள்.

ஒன்பது மணி வாக்கில் நடை ஆரம்பம். போக சுமார் ஏழு கிலோமீட்டர், திரும்ப ஏழு, ஏற்றம் ஏறக்குறைய 700 மீட்டர். எண்ணிக்கையில் பெரிதாகத் தெரியாது, ஆனால் அந்த ஏற்றம் சமமாகப் பரவியில்லை. சாலையிலிருந்து பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கி, ஓடையை ஒட்டி மாடு மேயும் புல்வெளியில் முதல் முக்கால் மணி நேரம் கிட்டத்தட்டச் சமதளம். எல்லாரும் தவறு செய்வது இங்கேதான். பாதை லேசாக இருக்கிறதே என்று வேகமாக நடந்து மூச்சைச் செலவழித்துவிடுவார்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரி. பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து வளைவுப் பாதை, பக்கத்துப் பாறைகளிலிருந்து அருவிகள் விழும். குறுக்கு வழி போகாதீர்கள். செங்குத்தாக ஏறி மிச்சம் பிடிக்கிற ஐந்து நிமிடத்துக்குப் பத்து நிமிடம் நின்று இளைக்க வேண்டியிருக்கும், மண்ணும் சரியும். இது முடிகிற இடத்தில் சின்ன ஏரி ஒன்று வரும். இதுதான் லகூனா 69 என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு; இல்லை, இன்னும் இருக்கிறது. இந்தச் சின்ன ஏரியைத்தான் உங்கள் கடிகாரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பதினொன்றரைக்குள் இங்கே வந்துவிட்டால் நிதானமாக மேலே போகலாம். பன்னிரண்டு ஆகிவிட்டால் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.

அதன் பிறகு மறுபடி ஒரு சமவெளி, சதுப்பாக இருக்கும். அதன் கோடியில் கடைசி ஏற்றம், சுமார் 200 மீட்டர் உயரம், கல் நிறைந்த வளைவுகள். கீழே நின்று பார்த்தால் மேலே எறும்பு வரிசையாக ஆட்கள் தெரிவார்கள். பாதிப்பேர் மனம் தளர்வது இங்கேதான். இருபது அடி, நின்று ஐந்து மூச்சு, மறுபடி இருபது அடி என்று எண்ணிக்கொண்டே போனால் முக்கால் மணி நேரத்தில் முடியும். மொத்தமாக மேலே போக இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் ஆகும்.

ஏரி கடைசி வரை கண்ணில் படாது. பாறைகளுக்கு நடுவே ஒரு திருப்பம் திரும்பியதும் மொத்தமாக முன்னால் நிற்கும். பனிப்பாறை அரைத்த கல்மாவு தண்ணீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த நீலம். நேர்வெயிலில் பார்க்க வேண்டும், மேகம் மூடினால் சாம்பல் பூத்துவிடும். எதிர்க்கரையில் சக்ராராஹுவின் பனியிலிருந்து அருவி நேராகத் தண்ணீரில் இறங்கும். இதற்காகத்தான் இத்தனை பாடும், படத்தில் பார்ப்பதைவிட நேரில் அதிகமாகவே இருக்கிறது. கூட்டம் வாயிலருகேதான் குவியும். கரையோரம் ஐந்து நிமிடம் தள்ளிப் போனால் அமைதி கிடைக்கும். முதலில் ஜாக்கெட்டைப் போடுங்கள், அப்புறம் கேமரா. வியர்த்த சட்டையோடு காற்றில் நின்றால் கால் மணி நேரத்தில் நடுக்கம் வந்துவிடும். தண்ணீரில் குதிக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். பனியுருகிய நீரில் மூச்சு சட்டென்று அடைக்கும், அந்த உயரத்தில் ஏற்கெனவே மூச்சுக்குப் பஞ்சம். நேரம் முக்கால் மணிதான் கொடுப்பார்கள். இந்த டூரில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இது.

இறங்க இரண்டு மணி நேரம். முட்டிவலி உள்ளவர்களுக்கு ஊன்றுகோல் கட்டாயம், ஹுவாராஸிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கால்விரல் நகத்தை முந்தைய நாளே வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் ஷூ நுனியில் இடித்து நகம் கறுத்துப்போகும். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், நம் ஊர்ப் பள்ளி விடுமுறையோடு மே மாதம் பொருந்தும். அப்போதும் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை பாதை சேறு, பிற்பகலில் ஆலங்கட்டி மழையும் இடியும் சகஜம். தண்ணீர் இரண்டு லிட்டர், தொப்பி, கையுறை, எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தனிக் களிம்பு. குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனைத் தவிர்த்தால் மூக்கும் கழுத்தும் உரிந்துவிடும்.

லேசான தலைவலிக்குத் தண்ணீரும் பாராசிட்டமாலும் போதும், ஆனால் அதற்கு மேல் வேகம் கூட்டக் கூடாது. தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் மேலே ஒரு அடிகூட வேண்டாம். அப்படிப்பட்டவரை ஒரு காலின் குதிகாலை மறுகாலின் நுனியில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கி இருமினால், உடனே கீழே இறக்க வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது. "மெ துவேலெ லா கபேஸா" என்றால் தலை வலிக்கிறது என்று அர்த்தம். வழிகாட்டியிடம் கூசாமல் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் ஏஜென்சியில் கேட்க வேண்டியது: வேனில் எத்தனை பேர், ஆக்சிஜன் உருளை வண்டியில் இருக்குமா, வழிகாட்டி கடைசி ஆளோடு வருவாரா, திரும்பும் கெடு எத்தனை மணி. ஆக்சிஜன் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். மெதுவாக நடப்பவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், ஏரியில் நேரம் செலவிட விரும்புகிறவர்கள் இந்தக் கூட்டு வேனை விட்டுவிட்டுத் தனி வழிகாட்டியோடு போவதுதான் சரி. ஹுவாராஸின் ஹினெப்ரா சதுக்கத்தில் உள்ள மலை வழிகாட்டிகள் இல்லத்தில், காசா தெ கியாஸ், முறையாகப் பயிற்சி பெற்றவர்களை விசாரிக்கலாம். செலவு பல மடங்கு ஆகும், நாலு பேர் பகிர்ந்தால் தாங்கும். அப்போது நாலு மணிக்கே கிளம்பி, வேன்கள் வரும் முன் பாதையில் இருக்கலாம்.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், அவர்களால் ஏற முடியாது என்றால், அதே ஏஜென்சிகளில் யாங்கனுக்கோ டூர் என்று தனியாகக் கேளுங்கள். அது சீனான்கோச்சாவோடு நின்றுவிடும். வண்டி கரைவரைக்கும் போகும், படகும் உண்டு. 3,850 மீட்டர் என்பதால் அவர்களும் ஹுவாராஸில் இரண்டு இரவாவது தங்கிய பிறகு போக வேண்டும்.