கிணற்று வெள்ளத்துக்கு எந்தக் கருவி?

குமரி மாவட்டத்துத் திருவட்டாறு பக்கம் சித்தி வீட்டுக் கிணற்று வாளியில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கினேன். 58 காட்டியது. "நல்ல வெள்ளம்தானே மக்களே?" என்றார் சித்தி. எங்கள் பக்கம் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம். அதே வாளியிலிருந்து கொஞ்சம் எடுத்து, மலக்கழிவு கலந்திருந்தால் கறுத்துக் காட்டும் எச்.டூ.எஸ். சோதனைக் குப்பியில் ஊற்றி வைத்தேன். மறுநாள் காலை குப்பி மை மாதிரி கறுத்துக் கிடந்தது. கிணற்றுக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்கிடுவதுதான் அதன் வேலை. கிருமி அதன் கண்ணில் படாது. மலையோரத்து வெள்ளத்தில் உப்பு பொதுவாகவே குறைவு என்பதால், அந்தச் சின்ன எண்ணை நம்பிக் குடிப்பது ஆபத்து. ஆனால் குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் நான் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். வாரம் ஒருமுறை அளந்து எழுதிவைத்தால், கோடையில் கடல்நீர் கிணற்றுக்குள் ஏறுவது தெரிந்துவிடும். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் இல்லையென்றால் 2000 வரை.

குளோரின், கலங்கல் சென்சார்கள் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றவை. தண்ணீரில் மிஞ்சும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ, மழையில் கலங்கல் கூடினாலோ அப்போதே காட்டிக்கொடுக்கும். எதனால் என்பதை ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். முனையில் பாசி படிந்தால் அளவும் தப்பும். துடைக்க, சரிபார்க்க ஆள் இல்லாத ஊரில் வாங்கி மாட்டுவது பணத்துக்குக் கேடு.

எச்.டூ.எஸ். குப்பி ஒரு சென்சாரே அல்ல. 1982-இல் இந்தியாவில் உருவான எளிய சோதனை. மலக்கழிவோடு வரும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை வெளியிட, அது இரும்போடு சேர்ந்து கறுக்கும். குப்பியைச் சூடாக வைத்திருக்க நம் ஊர் வெக்கையே போதும். ஆனால் ஒரு நாள், சிலசமயம் இரண்டு நாள் காத்திருக்கணும். வேறு சில பாக்டீரியாவாலும் கறுக்கும் என்பதால், ஆய்வகத்தில் மலக்கழிவுக்கு அடையாளமான ஈ.கோலை பாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யணும். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சோதித்த குப்பியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றியபிறகே கொட்டுங்கள்.

வீட்டுக் கிணற்றுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கடலோரம் தவிர மற்ற இடங்களில் குப்பியே என் தேர்வு. சித்தி வீட்டில் இப்போது கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று. மழை வலுத்ததும் அடுத்த குப்பி வைக்கணும்.