போர்ட் லூயியில் ஐந்து நாள்: ஒரு குளிர்பதனப் பயிற்சி வகுப்பைப் பற்றி

சென்ற ஆண்டு, இங்கே மொரீஷியஸில், ஃபிளாக் பக்கம் ஒரு கடையில் குளிர்பானப் பெட்டி குளிராமல் நின்றுபோனது. கேபிலரி என்ற மெல்லிய குழாயில் அடைப்பு. எப்போதும்போல் கேஸை வெளியே திறந்து விட்டேன், டார்ச்சைப் பற்றவைத்து, ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரின் இணைப்பில் காட்டினேன். முகத்துக்கு நேராகத் தீ பாய்ந்தது. புருவம் கருகியதோடு தப்பினேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கம்ப்ரசரின் மேல் மஞ்சள் முக்கோணத்தில் தீயின் படம், அருகே ஆர்-290 என்ற எழுத்து. புரொப்பேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த ஒட்டுச்சீட்டைப் படிக்க எனக்கு அன்று தோன்றவில்லை.

அதனால்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். குறைகளையும் எழுதப் போவதால் பயிற்சி நிலையத்தின் பெயரைச் சொல்லவில்லை. நடந்தது ஜூலையில். இங்கே அப்போது குளிர்காலம், ஏசி வேலை குறைவு. ரோஸ்ஹில்லிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். பன்னிரண்டு பேர் இருந்தோம். பாதிப் பேர் கடற்கரை ஹோட்டல்களின் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர்கள்.

முதல் நாள் சட்டங்கள். இந்தப் பகுதி எனக்குத் திருப்தி தரவில்லை. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மாண்ட்ரீல் உடன்படிக்கை, புவியைச் சூடாக்கும் கேஸ்களைக் குறைக்க அதில் செய்த 2016 கிகாலி திருத்தம் என்று திரையில் படங்கள் ஓடின. வளரும் நாடுகளுக்கான அட்டவணைப்படி பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 வகைக் கேஸ் 2030-க்குள் நிற்க வேண்டும், பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்க மிகச் சிறிய அளவு மட்டும் 2040 வரை. அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ, ஆர்-404ஏ, ஆர்-410ஏ போன்ற கேஸ்களுக்கு 2024-இல் உச்சவரம்பு. அங்கிருந்து 2029-இல் பத்து விழுக்காடு, 2035-இல் முப்பது, 2040-இல் ஐம்பது, 2045-இல் எண்பது என்று குறைத்துக்கொண்டே போக வேண்டும். எண்கள் எல்லாம் சரி. ஆனால் மீன் வியாபாரி ஒருவர் ஆர்-404ஏ குளிர் அறை கட்டலாமா என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வது? அதை நான்தான் எழுந்து கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேஸ் ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய நான்கு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், அதன் வரத்துதான் முதலில் சுருங்கும், இன்று அதில் புதிய அறை கட்டச் சொல்வது அவருக்குச் செய்யும் துரோகம் என்றார் ஆசிரியர். இந்தப் பதிலைத்தான் முதல் படமாகப் போட்டிருக்க வேண்டும். உப்புக் காற்றில் கண்டென்சர் தகடுகள் அரித்து, கேஸ் கசிவதே அன்றாடமாகிவிட்ட தீவு இது.

இரண்டாம் நாள், புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 கேஸ். சுருக்கமாக நடந்தது, அதுவே போதும். ஆர்-22-க்கு வைத்திருந்த பழைய மானிஃபோல்ட் கேஜை (அழுத்தம் காட்டும் கருவி) இதில் மாட்டக் கூடாது, அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல். மெதுவாகத்தான் எரியும், ஆனாலும் எரியும்.

மூன்றாம் நாளுக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். ஆர்-600ஏ (ஐசோபியூட்டேன்) நிரப்பும் ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை முன்னால் வைத்தார்கள். சீட்டில் 60 கிராம் என்று போட்டிருந்தது. அதை மறைத்துவிட்டு, "தம்பி, வழக்கமாக நிரப்புவதுபோல் நிரப்புங்கள்" என்றார் ஆசிரியர். உறிஞ்சு குழாயைத் தொட்டுப் பார்த்து, கேஜைப் பார்த்து நிரப்பினேன். பெட்டி ஓடும்போது இந்தக் கேஸின் தாழ் அழுத்தப் பக்கம் காற்றழுத்தத்துக்கும் கீழே போய்விடும். முள் பூஜ்யத்துக்குக் கீழே நின்றதால் கேஸ் போதவில்லை என்று எண்ணி இன்னும் விட்டேன். எடை போட்டபோது 83 கிராம். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் அப்படித்தான் நிரப்பியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் கசிவு இருந்தால் கேஸ் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

பிறகு ஃபிளாக் கடையில் நடந்ததைச் சொன்னேன். ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. கம்ப்ரசர் எண்ணெயில் புரொப்பேன் கரைந்து நிற்கும், வெளியே விட்டபின்பும் சூடு பட்டதும் மறுபடி வரும் என்று விளக்கினார். கதவு ஜன்னலைத் திறந்து வை. குழாயை டார்ச்சால் பிரிக்காதே, வெட்டியால் வெட்டு. வேக்குவம் இழு, உலர்ந்த நைட்ரஜனை ஓட்டு, அதற்குப் பிறகுதான் நெருப்பு. 150 கிராம் புரொப்பேன் நான்கு கன மீட்டர் காற்றில் பரவினாலே தீப்பற்றும் எல்லைக்கு வந்துவிடும். அது ஒரு சிறிய சரக்கறை. குளிர்பதனத்துக்கான புரொப்பேனில் சமையல் கேஸின் வாடை இருக்காது, மூக்கு காட்டிக்கொடுக்காது. பழுதான ரிலேக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை மாட்டினால், அதிலிருந்து வரும் ஒரு பொறி போதும்.

குறைகள் இரண்டு. பெட்டியிலிருக்கும் கேஸைச் சிலிண்டருக்குள் இழுக்கும் ரெக்கவரி மெஷின் பன்னிரண்டு பேருக்கு ஒன்றே ஒன்று. என் முறை வந்தது நான்காம் நாள் மாலை, அதுவும் இருபது நிமிடம். கேஸைத் திரும்பப் பிடிப்பதுதான் எங்களுக்குக் கொஞ்சமும் பழகாத வேலை. சிலிண்டரை எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது என்று வாயால் சொன்னால் கைக்கு வராது. அடுத்து, பாடக் குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில். ஆசிரியர் கிரியோலில் விளக்கினார், தேநீர் இடைவேளையில் எனக்குத் தமிழிலும் சொன்னார். ஆனால் வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்க்கக் கையில் ஒன்றும் இல்லை. நானே ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் தேர்வு. தேறினேன். அந்த வாரமே கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கினேன், இப்போது டார்ச்சுக்கு முன் அதுதான் பையிலிருந்து வெளியே வருகிறது.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் எத்தனை ரெக்கவரி மெஷின்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். அடுத்த ஜூலையில் என் உதவியாளர் தம்பியை அங்கேயே அனுப்புகிறேன். பாதிக் கட்டணம் என்னுடையது.