பொக்லைன் ரேடியேட்டரில் எதை ஊற்றுவது?

"நம் ஊரில் தண்ணீர் உறையவா போகிறது, கூலன்ட் எதற்கு?" என்று கேட்கும் பொக்லைன் உரிமையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சினின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்தான் கூலன்ட்; உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். சித்திரை வெயிலில் கல்குவாரியில் நிற்கும் இயந்திரத்துக்கு மற்ற வேலைகளே முக்கியம்.

போர்வெல் நீருக்குச் செலவில்லை. வெப்பத்தை வாங்கிக்கொள்வதிலும் கூலன்டைவிடத் தண்ணீரே கெட்டிக்காரன். பெருமை அத்துடன் தீர்ந்தது. அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூடான உலோகத்தில் படிந்து, டீக்கடை பாய்லரின் உட்புறம் போலாக்கிவிடும். அதைவிடக் கொடுமை லைனரில், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் இரும்பு உறையில், நடக்கிறது. பிஸ்டன் பக்கவாட்டில் இடிக்க, லைனர் அதிர்கிறது. அதைச் சூழ்ந்த நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, இரும்பைக் கொத்திக் கொத்தித் துளையிடுகின்றன. துளை விழுந்தால் எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலக்கும். கூலன்டில் சேர்க்கும் நைட்ரைட் போன்றவை லைனர்மேல் மெல்லிய படலமாகி அந்தக் கொத்தலைத் தாங்குகின்றன. காய்ச்சி வடித்த நீரை ஊற்றினாலும், அது வெறும் நீர் என்றால் இந்தக் கவசம் கிடையாது.

ஆகவே உண்மையான போட்டி பழைய வகை, நீண்டகால வகை என்ற இரண்டு கூலன்டுகளுக்கு இடையில்தான். இரண்டிலும் அடிப்படைத் திரவம் பொதுவாக எத்திலீன் கிளைக்கால்தான். சரிபாதி நீர் கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி, ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். வேறுபாடு துருத் தடுப்பானில். பழைய வகையின் சிலிகேட், நைட்ரைட் ஆகியவை ஓட ஓடத் தீர்ந்துபோகும். சோதனைத் தாளைக் கூலன்டில் நனைத்துப் பார்த்து இடையிடையே சேர்க்க வேண்டும். ஒளி விலகலை வைத்து அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டர் கிளைக்கால் அளவைத்தான் சொல்லும், தடுப்பான் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லாது. கரிம அமிலம் சார்ந்த நீண்டகால வகை மெதுவாகவே தீரும். இயந்திரத் தயாரிப்பு நிறுவனமான கேட்டர்பில்லர் தன் பழைய வகைக்கு 3,000 மணி நேரம் என்றும், நீண்டகால வகைக்கு 12,000 மணி நேரம் அல்லது 6 ஆண்டு என்றும் கெடு வைக்கிறது. பின்னதற்குப் பாதி வழியில், ஆயுளை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் என்ற திரவத்தை ஊற்ற வேண்டும். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடும் வண்டிக்கு, பழையதை நான்கு முறை நிரப்பும் காலத்தில் புதியது ஒரே நிரப்பில் முடிந்துவிடும்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் எல்லோருக்கும் நீண்டகால வகையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் பத்தில் ஒரு பங்குக்குமேல் வேறு கூலன்ட் கலந்தால் அந்த நீண்ட ஆயுளை நம்ப முடியாது. நிறத்தைப் பார்த்து ஊற்றுவதும் ஆபத்து. பச்சை, சிவப்பு என்பதற்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான விதி இல்லை. உரிமையாளரே கவனிக்கும் வண்டி, ஒரே கேன் என்றால் நீண்டகால வகையை வாங்குங்கள். வாரம் ஓர் ஊர், மாதம் ஓர் ஆபரேட்டர், கையில் கிடைத்த பாட்டில் என்று வாடகைக்கு ஓடும் வண்டிக்குப் பழைய வகையும், அதைக் கெடு தவறாமல் வடித்து மாற்றுவதும் போதும். பாழானாலும் இழப்பு குறைவு. மாறுவதானால் பழையதை முழுக்க வடித்து, எஞ்சினில் கூலன்ட் ஓடும் பாதையைச் சுத்த நீரால் அலசிய பிறகே புதியதை ஊற்ற வேண்டும்.