டைம் ஸோன் மாற்றத்தை எதை வைத்துச் சோதிப்பது? ஐந்து வழிகள், ஓர் அலசல்

நம் ஊர்க் கடிகாரம் ஆண்டு முழுக்க அசையாது. ஆசியா/கொல்கத்தா மண்டலம் 1945 அக்டோபரிலிருந்து யுடிசி (உலகப் பொது நேரம்) +5:30-இல் நிற்கிறது. பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ உட்கார்ந்து ஜெர்மனிக்காரர் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும், திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஆர்டர் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் இதனாலேயே ஒரு சிக்கல். கோளாறு இருந்தாலும் லேப்டாப்பில் அது தலைகாட்டாது. மார்ச் கடைசி ஞாயிறு, ஐரோப்பா கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் தருணத்தில், நம் நேரம் காலை 6:30-க்கு சர்வரில் காட்டும். "ஏனுங்க, வெள்ளிக்கிழம வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு" என்ற ஃபோன் திங்கட்கிழமை வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஹாம்பர்க் பையருக்கு அந்த ஊர் நேரம் அதிகாலை 2:30-க்கு, தினமும் பேக்கிங் லிஸ்ட் தானாகப் போக வேண்டும். குளிர்காலத்தில் அது நமக்குக் காலை 7:00, கோடைக்கால நேரத்தில் 6:00. 2026 மார்ச் 29 அன்று அங்கே 2:30 என்று ஒரு நேரமே கிடையாது; 1:59:59 முடிந்ததும் 3:00:00. அக்டோபர் 25 அன்று 2:30 இரண்டு முறை வரும், நம் கணக்கில் 6:00-க்கு ஒன்று, 7:00-க்கு ஒன்று. முன்னதில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், பின்னதில் 25. ஆகவே பேக்கிங் லிஸ்ட் போகாமலே இருக்கலாம், இரண்டு தடவை போகலாம், 'நேற்றைய 24 மணி நேரம்' என்று கணக்கெடுக்கும் அறிக்கையில் ஒரு மணி நேரச் சரக்கு விடுபடலாம்.

வழிகளுக்குள் போகுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கோடைக்கால நேரம் தொடங்குவதும் முடிவதும் விதி ஏற்கெனவே தெரிந்த மாற்றம். ஒவ்வொரு மண்டலத்தின் நேர விதிகளையும் வைத்திருக்கும் ஸோன் தரவில் அது எழுதியிருக்கிறது. ஒரு நாடு விதியையே மாற்றுவது வேறு வகை. உங்கள் சர்வரில் உள்ள ஸோன் தரவு அதை இன்னும் அறியாது. பெரும்பாலான குழுக்கள் முதல் வகையை மட்டும் சோதித்துவிட்டு 'டைம் ஸோன் டெஸ்ட் முடிந்தது' என்று டிக் போடுகின்றன. இரண்டாவதுதான் அதிகம் கடிக்கிறது.

சிஸ்டம் கடிகாரத்தையே மாற்றுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. இதிலேயே பெரிய தவறும் நடக்கிறது: அக்டோபர் மாற்றத்தைச் சோதிக்கிறோம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். உண்மையில் அன்று சிஸ்டத்துக்குள் எதுவும் பின்னால் போவதில்லை. லினக்ஸும் விண்டோஸும் உள்ளுக்குள் யுடிசியை எண்ணுகின்றன, அது நேராக ஓடிக்கொண்டே இருக்கும்; உள்ளூர் நேரமாகக் காட்டும் கணக்கு மட்டும் மாறும். கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் வேறொரு கோளாறைத்தான் சோதிக்கிறீர்கள். சரியான முறை, மாற்றத்துக்குச் சற்று முந்தைய நேரத்தில் கடிகாரத்தை வைத்து, மண்டலத்தை ஐரோப்பா/பெர்லின் ஆக்கி, அதன்போக்கில் ஓட விடுவது.

இதற்குத் தனி விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர்க் கணினி) கட்டாயம். முதலில் ஸ்னாப்ஷாட் எடுங்கள். விஎம்மைத் தாங்கும் ஹோஸ்டோடு நேரம் ஒத்திசைவதைத் துண்டியுங்கள். விஎம் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ், வித்தியாசம் 20 நிமிடத்தைத் தாண்டினால் கடிகாரத்தை ஒரே இழுப்பில் திருத்திவிடும், நீங்கள் வைத்த நேரம் காணாமல் போகும். பிறகு நெட்வொர்க் வழியாக நேரத்தைத் திருத்தும் என்டிபியை நிறுத்துங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது லினக்ஸின் சிஸ்டம்டி தரும் நேரக் கட்டளை புதுத் தேதியை ஏற்காது. அதன்பின் யுடிசி 2026 மார்ச் 29, 00:50 என்று வைத்துக் காத்திருங்கள்.

சுற்றியுள்ளவை ஒவ்வொன்றாக மக்கர் பண்ணும். பல மாதம் முன்னே போனால் 90 நாள் டிஎல்எஸ் சான்றிதழ்கள் காலாவதியாகும். ஆக்டிவ் டைரக்டரியில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் ஏற்காது, லாகின் நின்றுவிடும். 30 நொடி ஓடிபி பொருந்தாது. பழைய லாகையும் பேக்கப்பையும் அழிக்கும் ஸ்கிரிப்ட் விழித்துக்கொண்டு, நல்ல கோப்புகளைப் பழசு என்று அழிக்கும். பொது டேட்டாபேஸோடு இணைத்திருந்தால் எதிர்காலத் தேதியில் வரிகள் நுழைந்து, 'கடைசிப் பதிவு' என்று தேடும் எல்லா வினாவையும் கெடுத்துவிடும். இவ்வளவு தொல்லைக்கும் ஒரு பலன் உண்டு: கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் சேவை), டேட்டாபேஸ், அப்ளிகேஷன், மெயில் நாலும் சேர்ந்து ஒரே மாற்றத்தைக் கடப்பதை முழுதாகப் பார்க்க வேறு வழி இல்லை.

கிரானின் நடத்தை இங்கேதான் தெரியும். டெபியன் கிரான் மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட தாவலைத் தனியாகக் கவனிக்கிறது. விடுபட்ட 2:30 வேலையைத் தாவல் முடிந்ததும் ஓட்டிவிடும், திரும்ப வரும் 2:30-க்கு மறுபடி ஓட்டாது. மணி அல்லது நிமிட இடத்தில் நட்சத்திரம் போட்ட வேலைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அப்ளிகேஷனுக்குள்ளேயே ஷெட்யூலர் இருந்தால் அதன் போக்கு வேறாக இருக்கும். கிரானைப் பார்த்து அதைத் தீர்மானிக்கக் கூடாது.

டிஇசட் மாறி

இதற்குக் காசும் வேண்டாம், விஎம்மும் வேண்டாம். நிரலுக்கு மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் சூழல் மாறியில் ஐரோப்பா/பெர்லின் என்று கொடுத்து நிரலைத் தொடங்கினால் போதும். ஆனால் கடிகாரம் நகராது. இன்றைய நேரம் பெர்லின் கணக்கில் தெரியும், அவ்வளவுதான். பழைய தேதிகளையும் வரப்போகும் தேதிகளையும் காட்டும் திரைகள், இன்வாய்ஸ் அச்சு, கோப்புப் பெயரில் வரும் தேதி ஆகியவற்றைச் சரிபார்க்க நல்லது. டெவலப்பர் லேப்டாப்பில் தினசரி டெஸ்ட்களை ஆசியா/கொல்கத்தாவில் ஒரு முறை, பெர்லினில் ஒரு முறை, நியூயார்க்கில் ஒரு முறை ஓட விடுவது மட்டுமே பாதிப் பிழைகளை வெளியே கொண்டுவரும்.

இதன் ஆபத்து, தப்பாக எழுதினால் சத்தமே போடாமல் ஏமாற்றுவது. ஆசியா/கோயம்புத்தூர் என்று கொடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு மண்டலம் கிடையாது, ஆனால் லினக்ஸில் பிழைச்செய்தி வராது. யுடிசி நேரத்தைக் காட்டி, பக்கத்தில் ஆசியா என்று ஒட்டிவிடும். ஸோன் தரவே இல்லாத சிறிய கன்டெய்னர் இமேஜிலும் (நிரலைத் தேவையானவற்றோடு கட்டிய பொதி) இதே கதி, சரியான பெயரைக் கொடுத்தாலும் யுடிசிதான். உபுண்டு 24.04-இல் யுஎஸ்/ஈஸ்டர்ன் மாதிரியான பழைய பெயர்கள் தனிப் பேக்கேஜுக்குப் போய்விட்டன. அவற்றை நம்பியிருந்த கான்ஃபிக் இப்படியே விழும். ஆகவே டெஸ்ட்டின் முதல் வரியிலேயே மண்டலத்தின் வித்தியாசத்தைச் சரிபாருங்கள்: 2026 ஜூலை 1-க்கு பெர்லின் +2:00, ஜனவரி 1-க்கு +1:00. இது தேறாவிட்டால் மீதி டெஸ்ட்டை ஓட்ட வேண்டாம்.

கூடவே ஸீடம்ப் கருவியையும் பழகிக்கொள்ளுங்கள். மண்டலப் பெயரும் ஆண்டு வரம்பும் கொடுத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நொடியையும் மாறிய நொடியையும் அச்சிடும். டெஸ்ட்டில் போட வேண்டிய நேரங்களை அங்கிருந்து எடுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். அமெரிக்கா மார்ச் 8-இல் மாறுகிறது, ஐரோப்பா 29-இல். நடுவில் உள்ள மூன்று வாரம் நியூயார்க்குக்கும் பெர்லினுக்கும் 6 மணி நேரத்துக்குப் பதில் 5 மணி நேரம்தான் வித்தியாசம். இரண்டு கண்டத்துக்கும் சரக்கு அனுப்புகிறவர்கள் இந்த மூன்று வாரத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

லிப்ஃபேக்டைம்

ஒரே ஒரு நிரலுக்கு மட்டும் பொய்க் கடிகாரம் காட்டும் நூலகம். சிஸ்டம் நேரம் அப்படியே இருக்கும், மற்ற நிரல்களின் சான்றிதழும் கெர்பராஸும் பிழைக்கும். தேதிக்கு முன்னால் @ குறி போட்டால் அந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். போடாவிட்டால் அங்கேயே உறைந்து நிற்கும். மாற்றத்தைக் கடக்க ஓடும் கடிகாரம்தான் வேண்டும். கூடவே 60 மடங்கு வேகமும் கொடுக்கலாம். அக்டோபர் 25 அன்று 1:55-இலிருந்து இரண்டாம் சுற்று முடிந்து 3:05 வரை 130 நிமிடம். அது 130 நொடியில் ஓடிவிடும். டீ வருவதற்குள் விடை வந்துவிடும்.

நேரத்தை 2:30 என்று நேரடியாகக் கொடுக்காதீர்கள். அக்டோபரில் எந்த 2:30 என்று சொல்ல அங்கே இடமில்லை. எப்போதும் குழப்பமான மணிக்கு முன்னாலேயே தொடங்குங்கள்.

இது நிற்கும் இடங்களும் உண்டு. இயங்கும்போது நூலகத்தை இடையில் நுழைக்கும் தந்திரம் என்பதால், ஸ்டாட்டிக்காக, அதாவது நூலகங்களை உள்ளேயே பதித்து, இணைத்த நிரல்களில் வேலை செய்யாது. கோ மொழி நிரல்கள் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நேரடியாக நேரம் கேட்பதால் அவற்றிலும் பலிக்காது. ஜாவா சில சமயம் தொடங்கியதும் தொங்கி நிற்கும். மோனோடோனிக் கடிகாரத்தை (பின்னால் போகாமல், கழிந்த நேரத்தை மட்டும் எண்ணுவது) பொய்யாக்க வேண்டாம் என்ற அமைப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். டேட்டாபேஸ் வேறு ப்ராசஸ், அது உண்மையான நேரத்திலேயே இருக்கும். அப்ளிகேஷன் மார்ச்சிலும் எஸ்க்யூஎல் 'இப்போது' இன்றைய தேதியிலும் இருந்தால் விடை குழம்பும்.

நிரல் கோடுக்குள் கடிகாரத்தைக் கொடுப்பது

நேரம் வேண்டிய இடத்திலெல்லாம் சிஸ்டத்தைக் கேட்காமல், வெளியிலிருந்து தரும் கடிகாரப் பொருளைக் கேட்பது. ஜாவாவில் கிளாக் வகுப்பு, டாட்நெட் 8-இலிருந்து டைம்புரொவைடர், ஜாவாஸ்கிரிப்ட்டின் ஜெஸ்ட்டில் போலி டைமர், பைத்தானில் டைம்-மெஷின் அல்லது ஃப்ரீஸ்கன். நூற்றுக்கணக்கான நேரங்களைச் சில நொடியில் ஓட்டலாம், நிரல் மாற்றத்தைப் பதியும் ஒவ்வொரு கமிட்டிலும் ஓட்டலாம். எங்கள் தீர்ப்பில் அன்றாடத்துக்கு இதுதான் முதல் வழி.

ஃப்ரீஸ்கனில் ஒரு பொறி: அதன் மண்டல அமைப்பு நிலையான மணிக்கணக்கு மட்டுமே, கோடைக்கால விதி அதற்குத் தெரியாது. டெஸ்ட் பச்சையாக வரும், மாற்றத்தைத் தொட்டிருக்காது. இன்னொன்று, மொழிகள் இல்லாத நேரத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஜாவாவிடம் மார்ச் 29, 2:30 பெர்லின் என்று கொடுத்தால் கோபிக்காமல் 3:30 ஆக்கிவிடும். அக்டோபரின் இரட்டை 2:30-இல் முதலாவதை எடுக்கும். பைத்தானில் எது வேண்டும் என்பதை ஃபோல்ட் என்ற குறி சொல்கிறது, சொல்லாவிட்டால் முதலாவது. பேக்கிங் லிஸ்ட் 3:00-க்குப் போக வேண்டுமா, 3:30-க்கா, அன்று போகவே வேண்டாமா? இதைப் பையரிடம் கேட்டு முடிவு செய்து, அந்த முடிவை டெஸ்ட்டாக எழுத வேண்டும். மொழி செய்வதே சரி என்று விட்டால் அது யாரும் எடுக்காத முடிவு.

ஸோன் தரவையே மாற்றிக் கட்டுவது

மேலே சொன்ன நான்கும் விதி மாறாது என்று நம்புகின்றன. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடைக்கால நேரத்தைத் தள்ளிவைப்பதாக மாற்றத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அறிவித்து, சில நாளில் அதையும் திரும்பப் பெற்றது. அந்த ஒரே வாரத்தில் எகிப்து, லெபனான் முதலிய நாடுகளுக்காக ஸோன் தரவு 2023ஏ, பி, சி என்று மூன்று பதிப்பு கண்டது. ஐரோப்பிய நாடாளுமன்றம் கோடைக்கால மாற்றத்தைக் கைவிட 2019-இலேயே வாக்களித்தது. உறுப்பு நாடுகள் உடன்படாததால் அது அப்படியே நிற்கிறது. நடந்தால் ஹாம்பர்க் கணக்கு முழுதும் மாறும்.

அதை இப்போதே ஒத்திகை பார்க்கலாம். ஸோன் தரவின் மூலக் கோப்பில் பெர்லின் பகுதியை நகலெடுத்து, 2026 அக்டோபர் தொடக்கம்வரை பழைய விதி, அதன்பின் நிரந்தரமாக +2:00 என்று ஒரு வரி சேருங்கள். ஸிக் கருவியால் வேறொரு ஃபோல்டருக்குள் தொகுங்கள்; சிஸ்டம் ஃபோல்டரைத் தொட வேண்டாம். ஸோன் தரவு இருக்கும் இடத்தைச் சொல்லும் டிஇசட்டிஐஆர் சூழல் மாறியில் அந்த ஃபோல்டரைக் காட்டி நிரலைத் தொடங்குங்கள். ஸீடம்ப் இப்போது அக்டோபர் 25 மாற்றத்தைக் காட்டக் கூடாது.

இங்கே வெளிவரும் விஷயம் பலருக்குப் புதிது: ஒரே சர்வரில் ஸோன் தரவு பல இடத்தில் இருக்கிறது. பைத்தான் வேறொரு பாதை மாறியைப் பார்க்கும். ஜாவா பொதுவாகத் தன்னோடு கொண்டுவந்த தரவையே பயன்படுத்தும், இயங்குதளத்தை அப்டேட் செய்தாலும் அது மாறாது. நோட்.ஜெஎஸ், ஐசியு நூலகத்தின் தரவை எடுக்கும். மைஎஸ்க்யூஎல்லில் மண்டல அட்டவணைகளைத் தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பெயரைக் கொடுத்து நேரத்தை மாற்றும்போது பிழை வராது, 'நல்' என்ற வெற்று மதிப்பு வரும். எந்தப் பகுதி புது விதிக்கு அசையவில்லையோ, அந்தப் பகுதிதான் உண்மையான மாற்றத்தன்றும் பின்தங்கும்.

சேமிப்பு முறையின் குறையும் இந்த வழியில் மட்டுமே தெரியும். டிசம்பரில் ஹாம்பர்க் நேரம் காலை 10 மணிக்கு ஒரு இன்ஸ்பெக்ஷன் கால் என்று யுடிசி 9:00 ஆக மட்டும் சேமித்திருந்தால், விதி மாறியபின் அது 11 மணி என்று காட்டும். நடந்து முடிந்ததற்கு யுடிசி போதும். வரப்போகும் சந்திப்புக்கு உள்ளூர் நேரமும் மண்டலப் பெயரும் வேண்டும். யுடிசியை அதிலிருந்து கணக்கிட்டு, ஸோன் தரவு அப்டேட் ஆகும்போதெல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும்.

கன்டெய்னருக்குள் மட்டும் தேதியை மாற்றிச் சோதிக்கலாமே என்றால், முடியாது. கடிகாரம் ஹோஸ்ட் கெர்னலுடையது. லினக்ஸ் 5.6-இல் வந்த டைம் நேம்ஸ்பேஸ், மோனோடோனிக் கடிகாரத்தையும், சிஸ்டம் பூட் ஆனதிலிருந்து எண்ணும் கடிகாரத்தையும் மட்டுமே நகர்த்தும், நாள் நேரத்தை அல்ல. கன்டெய்னருக்கு லிப்ஃபேக்டைமை இமேஜிலேயே சேருங்கள், அல்லது ஹோஸ்ட்டாக ஒரு விஎம் எடுங்கள்.

எங்கள் வரிசை இது: கோடுக்குள் கடிகாரமும் மூன்று மண்டல டிஇசட் ஓட்டமும் ஒவ்வொரு கமிட்டுக்கும், லிப்ஃபேக்டைம் ஒவ்வொரு ரிலீஸுக்கும், மாற்றிக் கட்டிய ஸோன் தரவு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முழு விஎம் ஓட்டம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், திருத்த நேரம் இருக்கும்போதே. ஆள் குறைவான அலுவலகம் விஎம்மை விடலாம், ஸோன் தரவு ஒத்திகையை விடக் கூடாது. ஒவ்வொரு அறிக்கையிலும் இயங்குதளம், ஜாவா, டேட்டாபேஸ் மூன்றின் ஸோன் தரவுப் பதிப்பையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஓட்டத்தைத் தேறியதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.