கேம்ஷாஃப்டும் லிஃப்டரும்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

கேம்ஷாஃப்ட் என்பது இன்ஜினின் வால்வுகளைத் திறக்க வைக்கும் சுழல்தண்டு; அதன் மேடுகளின் அசைவை வாங்கி மேலே தள்ளும் சிறு உருளைதான் லிஃப்டர். பழைய ஷெவர்லே 350 வி8 இன்ஜின் ஒன்றில் முதலில் தட்டை லிஃப்டர்களையும் பிறகு ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர்களையும் (அடியில் சிறு சக்கரம் கொண்டு, ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைச் சரிசெய்பவை) பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். கேம்ஷாஃப்ட், லிஃப்டர், வால்வை மூடும் ஸ்பிரிங் மூன்றையும் ஒரே தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தட்டை லிஃப்டர் என்பது பெயரளவில்தான் தட்டை. அதன் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத அளவில் குவிந்திருக்கும். கேம்ஷாஃப்டின் முனையும் (லிஃப்டரைத் தள்ளும் மேடு) ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு சாய்வாகக் கடையப்பட்டிருக்கும். இவ்விரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. சுழற்சி நின்றால் முனை விரைவிலேயே தேய்ந்துவிடும். பொருத்தியதும், லிஃப்டருக்கு மேல் நின்று அதன் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் தண்டான ஒவ்வொரு புஷ்ராடிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கிராங்கை (இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டை) கையால் சுற்றியபோது, அக்கோடுகள் மெல்ல விலகிச் செல்வதைக் கண்ட பிறகே இன்ஜினை இயக்கினேன். கிராங்க் வீசியடிக்கும் ஆயில்தான் முனைகளை நனைக்கிறது என்பதால், முதல் இயக்கத்தில் ஐடிலில் (முடுக்காமல் மெதுவாக ஓடும் நிலையில்) விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம் வரை 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவில் உள்ள ஆயில் கட்டாயம். இரட்டை ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கை அந்த நேரத்துக்குக் கழற்றிவிடுவது நல்லது. ஓடிய லிஃப்டரை வேறொரு முனையில் ஒருபோதும் பொருத்தக் கூடாது. கழற்றும்போதே எண்ணிட்டு அடுக்கி வைத்துவிடுங்கள்.

ரோலருக்கு மாறியபோது இந்தக் கவலைகள் பெரும்பாலும் தீர்ந்தன. முனையின் ஏற்றம் செங்குத்தாக இருக்க முடிவதால், அதே திறப்புக் காலத்துக்குள் வால்வு கூடுதலாகத் திறக்கிறது. ஐடிலும் சீராக இருக்கிறது. ஆனால் ரோலர் லிஃப்டர் சுழலவே கூடாது. பழைய பிளாக்கில் (இன்ஜினின் உடற்பகுதியில்) அதை நேராகப் பிடித்துவைக்கும் அமைப்பு இல்லாததால், இரண்டிரண்டாக இணைக்கப்பட்ட லிஃப்டர்களே பொருந்தும். அவை உயரமானவை என்பதால் புஷ்ராட் குட்டையாக வேண்டும். நீளத்தை மாற்றத்தக்க, அளவெடுப்பதற்கான புஷ்ராட் கொண்டு அளந்து, லிஃப்டரின் உள் பிஸ்டன் 0.030 அங்குலம் அமுங்கியிருக்கும்படி வைத்தேன். எஃகு கேமுக்கு ஏற்ற டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிரும் கருவி) கியரையும் மறக்க வேண்டாம்.

லிஃப்டரின் எடை கூடுவதால் ஸ்பிரிங்கும் வலுவாக இருக்க வேண்டும். உயர் ஆர்பிஎம்மில் இழுவை திடீரென்று மங்கினால், நான் முதலில் அளந்து பார்ப்பது ஸ்பிரிங்கின் அழுத்தத்தைத்தான்.