பாபின் தேடி நாலரை வருடம்

மலேசியாவில் நான் எடை மேடை பார்க்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் போன வாரம் எடை மேடை ஜன்னலில் தலையை விட்டு, "அண்ணே, நீங்க வச்சிருக்கிற தையல் மெஷின் இப்போ 399 வெள்ளியாம். வீட்டுல வாங்கிக் கொடுன்னு நிக்கிறா. வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நாலு லாரி செம்பனைக் குலையோடு நின்றன. "அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்த அப்புறம்தான் இது. அதே மெஷினை 549 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியவன் நான். அந்த 150 வெள்ளி எரிச்சல் இதில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் படிக்கிறவர்கள் கழித்துக்கொள்ளலாம். எடை மேடையில் நாங்கள் செய்வதும் அதுதானே. லாரியோடு நிறுத்து, குலையைக் கொட்டிவிட்டு வெறும் லாரியை நிறுத்து, கழித்தால் சரக்கு.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. வெள்ளை நிறம், மின்சாரத்தில் ஓடும், தூக்கினால் ஆறு கிலோ சொச்சம், பத்துப் பன்னிரண்டு வகைத் தையல், பாபினை, அதாவது அடி நூல் சுற்றும் சின்ன உருளையை, மேலிருந்து போடுகிற வகை. இந்த விலைக்கு வரும் மெஷின்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். விவரம் வேண்டுபவர்கள் பெட்டியின் பக்கவாட்டைப் படித்துக்கொள்ளலாம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கையால் முகக்கவசம் தைக்க ஆரம்பித்தேன். விரல் ஓட்டையானதும் வருடக் கடைசியில் மெஷின் வாங்கினேன். 2021 ஜனவரியில் டைரியின் முதல் பக்கத்தில் மூன்று தீர்மானம் எழுதினேன். மாதம் ஒரு பொருள் தைக்க வேண்டும். பாட்டியின் மெல்லிய 'வாயில்' பருத்திச் சேலைகளை வெட்டி ஒரு போர்வை ஆக்க வேண்டும். தையலுக்கு வேண்டியது எதையும் இணையத்தில் வாங்காமல் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் டவுனிலேயே வாங்க வேண்டும். மூன்றாவதை எழுதியபோது எனக்கு பாபினைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

மெஷினோடு மூன்று பாபின் கொடுத்தார்கள். வெள்ளை நூலுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று, மற்ற எல்லா நிறத்துக்கும் ஒன்று. ஒட்டுத்துணி தைப்பவனுக்கு இது எம்மாத்திரம்? இன்னும் பத்து வாங்கலாம் என்று டவுனுக்குப் போனேன். நூல் கடையில் இருந்தது கறுப்பு மெஷினுக்குப் போடும் இரும்பு பாபின். பக்கத்து பிளாஸ்டிக் சாமான் கடையில் பிளாஸ்டிக் பாபின் இருந்தது. பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து போட்டேன். உட்கார்ந்தது, சுற்றியது, பத்து அங்குலம் அழகாகத் தைத்தது. அப்புறம் உள்ளே 'கடக் கடக்' என்று ஆடத் தொடங்கி, கர்ரென்று நின்றது. துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் குருவிக்கூடு. கத்தரிக்கோல் நுனியை உள்ளே விட்டு நூலை ஒவ்வொன்றாக வெட்டி, தகட்டைக் கழற்றி, பஞ்சை ஊதி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பாபினையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலை மேலே படுக்க வைத்தேன். ஸ்கேல் ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பெனிக்காரனின் பாபின் மற்றதைவிட ஒரு மயிரிழை குட்டை.

சரித்திரப் புத்தகத்தில் நம் ஊருக்கு இடம் உண்டு. 1948 ஜூன் 16இல் இங்கே சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட பிறகுதான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் என் மெஷினுக்கு ஒரு பாபின் கிடையாது. கம்பெனியிடம் கேட்டால் இணையத்தில் ஐந்து பாபின் 18 வெள்ளி, தபால் செலவு தனி. ஒரு மயிரிழையைக் குறைத்துவிட்டு அதற்கு வாழ்நாள் முழுக்க வாடகை வாங்கும் வியாபாரம் இது. இந்த ஒரு விஷயத்தில் என் கோபம் நாலரை வருடமாகக் கொஞ்சமும் ஆறவில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாபின் கிடைக்காது என்று தெரிந்தும் நான் டவுனுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, "இன்றைக்கு ஒரு கடை புதிதாகப் பார்ப்போம்" என்று கிளம்புவேன். பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனாலும் அதுவரை எனக்குத் தெரிந்த டவுன் பேங்க், பெட்ரோல், மருந்துக்கடை, கோயில், அவ்வளவுதான்.

நூல் கடை ஒரு சீன அம்மாவுடையது. எழுபது வயதிருக்கும். தோட்டத்து ஜனங்களோடு பேசிப் பேசி வந்த தமிழ், நம் பிள்ளைகள் பேசுவதைவிடச் சுத்தம். முதல் நாள் நான் ஊதா நூல் கேட்டபோது, "பொண்டாட்டிக்கா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் கையில் இருந்த துண்டுத் துணியை வாங்கிக்கொண்டு வெளியே கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைக்குப் போனார். குழல் விளக்கில் நிறம் பொய் சொல்லுமாம். வெயிலில் துணியைப் பிடித்து, மூன்று நூல்கண்டிலிருந்து ஒவ்வொரு இழை இழுத்து அதன்மேல் போட்டார். இரண்டு இழை துணிமேல் துருத்திக்கொண்டு தெரிந்தன. மூன்றாவது எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. "இதான்" என்றார். எந்த இணையக் கடை இதைச் செய்யும்? மெல்லிய வாயிலுக்கு 11ஆம் நம்பர் ஊசி, பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இப்போதும் நான் போனால் "பொண்டாட்டிக்கா?" என்றுதான் கேட்கிறார். இப்போது சிரிப்போடு கேட்கிறார்.

அந்தக் கடைக்குப் பின் சந்தில் ஒரு வடைக்கடை. மூன்றரை மணிக்குத்தான் எண்ணெய் காயும். முதல் ஈடு மசால் வடையைத் தினசரித் தாளில் சுற்றித் தருவார்கள். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கோப்பி ஓ ஒன்று குடித்தால் பாபின் துக்கம் பாதி போய்விடும். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் இரவுச் சந்தையில் ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா) 'காய்ன் பெர்ச்சா' விற்பதாகக் கேள்விப்பட்டேன். மலாய்க்காரர்கள் வெட்டு மிச்சத் துணிக்கு வைத்திருக்கும் பெயர் அது. பாத்திக் துண்டு, பாஜு கூரோங் தைத்த மிச்சம், எல்லாம் பிளாஸ்டிக் பையில் நிறையப் போட்டு எடைக்கு விற்கிறார். நிறுத்துக் கொடுக்கும்போது முள்ளைப் பார்க்கிற பழக்கம் எனக்குத் தொழிலில் வந்தது. அவர் எப்போதும் ஒரு கை கூடவே போடுவார். அவருக்குப் பக்கத்துக் கடையில் செண்டோல். கூலா மலாக்கா வெல்லப்பாகைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுகிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகவும்.

சரி, பழுது கதைக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் மெஷின் ஒரேயடியாக மக்கர் செய்தது. கம்பெனி பாபின் போட்டாலும் குருவிக்கூடுதான். கோலகங்சாரில் ஒரு பெரியவர் பார்ப்பார் என்று சொன்னார்கள். மோட்டாரின் முன்னால் மெஷினைக் கட்டிக்கொண்டு, பழைய ரோட்டில் அரை மணி நேரம். பெரியவர் திறந்து பார்த்தார். பாபின் உட்காரும் பிளாஸ்டிக் கூட்டில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல். "இரும்பு பாபின் போட்டியா?" என்றார். ஒரே ஒரு தடவை என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதது சரிதான்.

கூட்டை மாற்றிவிட்டு என்னையே நூல் கோக்கச் சொன்னார். கோத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "காக்கி அங்காட் டுலு!" காலைத் தூக்கு முதலில், என்று. அவர் சொன்னது என் காலை இல்லை. துணியை அமுக்கிப் பிடிக்கும் அந்த உலோகப் பாதத்தை. பாதம் மேலே இருந்தால்தான் உள்ளே இருக்கும் டென்ஷன் தட்டு இரண்டும் விலகி நூலை நடுவில் வாங்கும். பாதம் கீழே இருக்கும்போது கோத்தால் நூல் தட்டுக்கு வெளியே சும்மா தொங்கும். மேல் நூலுக்குப் பிடி இல்லை, ஆகவே மிச்ச நூல் எல்லாம் அடியில் போய்ச் சேரும். சிக்கல் அடியில் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் மேலே இருக்குமாம். நாலு வருடமாக நான் திட்டிய திட்டில் எத்தனை பங்கு பாபினுக்கு, எத்தனை என் காக்கிக்கு என்று பிரிக்க இப்போது வழியில்லை. விளக்கப் புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஆறாம் பக்கம்.

70 வெள்ளி கொடுத்துவிட்டு ஒரு கிண்ணம் லக்சா சாப்பிட்டேன். கோலகங்சார் லக்சாவுக்கு மட்டும் தனியாக எழுதலாம், இங்கே வேண்டாம். அப்புறம் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கும் ரப்பர் மரத்தைப் போய்ப் பார்த்தேன். 1877இல் இங்கே நட்ட ஒன்பது கன்றில் எஞ்சியது. பக்கத்து ஊர்க்காரனாக இருந்தும் அதுவரை நான் இறங்கிப் பார்த்ததில்லை. மோட்டாரில் மெஷினைக் கட்டி வைத்தபடியே நின்று பார்த்தேன். என் பாட்டி முப்பது வருடம் பால் வெட்டிய மரங்களுக்கெல்லாம் பாட்டி முறை.

அங்கேதான் போர்வைக்கு வழி கிடைத்தது. மூன்று வருடமாக பாட்டியின் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. இப்போது சதுரத்தை விட்டுவிட்டேன். மரத்தில் கத்தி இழுத்த கோடு மாதிரி, இடமிருந்து வலமாகச் சாய்வாக இறங்கும் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் முந்தையதற்கு ஒரு விரல்கடை கீழே. கோடு முடியும் இடத்தில் பழுப்பு பாத்திக்கில் ஒரு சின்ன அரைவட்டம், அது பால் பிடிக்கும் மங்கு. அதற்கு மேலே ஒரு வெள்ளைப் பொத்தான், விழப் போகிற பால் சொட்டு. பொத்தான்கள் பாட்டியின் பிஸ்கட் டின்னில் இருந்தவை. அதே டின்னில், தோட்டத் தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துப் பங்குப் பத்திரமும் நாலாக மடித்துக் கிடந்தது. 1960இல் சங்கம் தொடங்கிய பிறகு, அமைச்சராக இருந்த நம் ஊர் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசிச் சேர்த்த காலத்தில் பாட்டியும் வயிற்றைக் கட்டிப் பங்கு வாங்கியிருக்கிறார். பொத்தானும் பத்திரமும் அவருக்கு ஒரே டின்னில் வைக்கும் சொத்து.

வாயில் சேலை பழையது, வலை மாதிரி இழைந்துபோனது. இதை மெஷினில் கொடுத்தால் கடித்துத் தின்னும் என்று பயந்தேன். 11ஆம் நம்பர் ஊசி போட்டு, அடியில் தினசரித் தாள் வைத்து, பெடலை மிதித்தும் மிதிக்காமலும் ஓட்டினேன். ஒரு இழை இழுபடவில்லை. தாளைக் கிழித்து எடுத்தபோது தையல் அரிசி அரிசியாக நின்றது. திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றிய ஒரே ராத்திரி அது. மறுநாளே பாபினில் நூல் தீர்ந்தது பாதிப் பட்டையில்தான் தெரிந்தது, மன்னிப்பு ரத்து.

மற்றவை சுருக்கமாக. விளக்கு நன்றாக எரிகிறது. காஜா எடுப்பது சுமார். ஜீன்ஸ் ஓரம் மடித்தால் நாலு மடிப்பில் முனகும், ஆறில் நிற்கும். இலேசாக இருப்பதால் சாயங்காலம் வாசலுக்குத் தூக்கிப் போய் வெளிச்சத்தில் தைக்கலாம். அதே இலேசால் வேகமாக ஓட்டினால் மேசையில் நகரும், அடியில் ஈரத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒன்று என்று எழுதிய கணக்கில் 54 மாதத்தில் 31 பொருள். போர்வை இன்னும் முடியாததால் அதை எண்ணவில்லை.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கக் கேட்கிறார்கள் என்றால் வாங்க வேண்டாம். தீபாவளிக்கு முந்தின மாதம் நாளைக்கு ஆறு ரவிக்கை அடிக்க வேண்டியவருக்கு பத்துத் தையல் வகை எதற்கு, நேர்த்தையல் ஒன்று போதும். அந்தப் பணத்துக்கு ஒரு பழைய கறுப்பு மெஷின் பார்த்து மோட்டார் பூட்டிக்கொடுங்கள். அதற்கு பாபின் நம் டவுனில் எந்தக் கடையிலும் கிடைக்கும், பிளாஸ்டிக் கூடும் கிடையாது, கீறலும் கிடையாது. பொழுதுபோக்குக்கு என்றாலும் என் வாயால் வாங்கு என்று சொல்ல மாட்டேன். பாபினுக்கு மயிரிழை குறைத்தவனுக்கு நான் ஆள் பிடித்துக் கொடுப்பதா?

என்னுடையதை விற்பேனா என்று நேற்று ஃபோனில் கேட்டீர்கள். விற்கிற எண்ணம் இல்லை. சனிக்கிழமை மூன்றரைக்கு வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், முதலில் வடை, அப்புறம் வீட்டுக்கு வந்து அவர் கையாலேயே ஓட்டிப் பார்க்கட்டும். நூல், ஊசி, பெர்ச்சா, எது வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். பாபின் மட்டும் கடன் கேட்காதீர்கள்.