பி.காம். முதலாண்டுக்கு நீளக் கணக்கு நோட்டு: ஒரு பருவம் எழுதிப் பார்த்த பிறகு

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு சின்ன நோட்டுக் கடையில் வாங்கியது. சிவப்புத் துணி பைண்டிங், 2 குயர், பழைய மண்டிகளில் இருக்குமே, அந்த நீள நோட்டு. அட்டையில் கம்பெனி பெயர் எதுவும் இல்லை. கடையில் போய் "பேரேட்டு நீள நோட்டு" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் (பேரேடு என்பது ஒவ்வொரு கணக்கையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதும் லெட்ஜர்). ஒரு நோட்டு 110 ரூபாய். என் வகுப்பில் 60 பேர், அதனால் 60 நோட்டு.

நான் வணிகவியல் பாடம் நடத்த ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. கணக்கியலும் வரியும்தான் என் பாடங்கள். என் மாணவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். கல்லூரியில் சேரும்போதே பலர் கையில் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கான சான்றிதழ் இருக்கிறது. F5 அழுத்தினால் பேமென்ட், F6 ரசீது, F8 விற்பனை என்று விரல் தானாக ஓடுகிறது. அது நல்ல விஷயம், வேலைக்கு அதுதான் வேண்டும். ஆனால் பற்றும் வரவும் (டெபிட், கிரெடிட்) சமமாக இல்லாவிட்டால் டேலி அந்த வவுச்சரை, அதாவது அந்தப் பதிவை, சேமிக்கவே விடாது. அதனால் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு நிலுவைகளைக் கூட்டிச் சமமா என்று பார்க்கும் பட்டியல்) பொருந்தாமல் போவது என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. பொருந்தாத இருப்பாய்வு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடாதவருக்குக் கணக்கு முழுதாகப் பிடிபடாது என்பது என் உறுதியான எண்ணம். இத்தனை நோட்டு வாங்கியது அதற்காகத்தான்.

என் அப்பா விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். இரவு கணக்கு இடித்தால் அன்றைக்குச் சாப்பாடு தள்ளிப்போகும். "அனாமத்துல போட்டுட்டுத் தூங்கப் போகக் கூடாது" என்பார். காரணம் தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாக எழுதி வைக்கும் கணக்குதான் அனாமத்து. அவர் வைத்திருந்த நோட்டும் இதே நீளம், இதே சிவப்பு. ஆயுத பூஜைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வைப்பார். கடையில் இந்த நோட்டைக் கையில் எடுத்ததும் வாங்க வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பக்க எண். ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டே வருகிறது. நடவடிக்கைகளை நாள்வாரியாக முதலில் எழுதும் குறிப்பேட்டில் 'பே.ப.எண்' (பேரேட்டுப் பக்க எண்) என்று ஒரு பத்தி இருக்கும். பாடப்புத்தகக் கணக்குகளில் அதை எல்லோரும் காலியாக விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அங்கே அதற்கு அர்த்தமே இல்லை. இந்த நோட்டில் ரொக்கக் கணக்கு 14ஆம் பக்கம், வாடகைக் கணக்கு 31ஆம் பக்கம் என்று நிஜமாகவே இருக்கிறது. பேரேட்டில் எடுத்தெழுதிய பிறகுதான் எண் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எண் இல்லாத வரி என்றால் இன்னும் பேரேட்டுக்குப் போகவில்லை என்று பார்த்த உடனே தெரிகிறது. பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் சொல்லிக் களைத்த விஷயம், இரண்டே வாரத்தில் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. இன்னொரு வசதி, பக்கத்தைக் கிழித்தால் எண் காட்டிக் கொடுத்துவிடும். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு மேலே திருத்தி எழுத வேண்டும்.

மூன்றாவது வாரம் எல்லோருக்கும் ஒரே மளிகைக் கடையின் ஒரு மாதக் கணக்கைக் கொடுத்தேன். 60 பேரில் 11 பேருக்குத்தான் இருப்பாய்வு முதல் தடவையே பொருந்தியது. வகுப்பே கொஞ்சம் பயந்துபோனது. டேலியில் நன்றாகப் பழகிய ஒரு மாணவிக்கு 2,700 ரூபாய் வித்தியாசம். "ஒன்பதால் வகுத்துப் பாரும்மா" என்றேன். மீதியில்லாமல் போனது. அப்படியானால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், தேடு என்றேன். இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தாள். 5,800ஐ பேரேட்டில் 8,500 என்று எழுதியிருந்தாள். இன்னொருவனுக்கு 2,900. அதில் பாதி 1,450. அந்தத் தொகை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருக்கிறான், அதனால்தான் வித்தியாசம் இரட்டிப்பு. அவன் கண்டுபிடித்ததும் பக்கத்து பெஞ்சே கை தட்டியது. மணி அடித்த பிறகும் ஏழெட்டுப் பேர் எழுந்து போகவில்லை. நான் மறக்க முடியாத வகுப்புகளில் அது ஒன்று.

பொருந்தியவர்களிலும் இரண்டு பேர் தப்பு செய்திருந்தார்கள். கடைக்கு 48,000 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்கியதை, விற்பனைச் சரக்குக்கான கொள்முதல் கணக்கில் போட்டுவிட்டார்கள். இருப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்காது, இரண்டு பக்கமும் சமமாகத்தானே இருக்கிறது. ஆனால் லாபம் 48,000 குறைந்துவிடும். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், அதாவது 19,200தான் கழிக்க முடியும். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதி, 9,600. மூன்றாம் ஆண்டில் வரிப் பாடத்தில் மனப்பாடம் செய்கிற விதியை, முதலாண்டு மாணவர்கள் தங்கள் நோட்டில் இருந்த தப்பிலிருந்தே புரிந்துகொண்டார்கள்.

கடை கொடுத்த பில்லையும் வகுப்பில் பாடமாக நடத்தினேன். 60 நோட்டுக்கு 6,600. அதன்மேல் மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம் 594, மாநில ஜிஎஸ்டி 594, ஆக மொத்தம் 7,788 ரூபாய். அதே கடையில் என் மகளுக்குப் பள்ளிக்கூட நோட்டு ஆறு வாங்கினேன், அதற்கு வரி பூஜ்யம். பள்ளி நோட்டுக்கு முன்பு 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதை எடுத்துவிட்டார்கள். கணக்குப் புத்தகம் மட்டும் 18இலேயே நிற்கிறது. இரண்டும் தாள்தான், இரண்டும் ஜிஎஸ்டியின் சரக்கு வகைப் பட்டியலில் ஒரே 4820 எண்ணில்தான் வருகின்றன, அப்புறம் ஏன் வேறு வேறு வரி என்று ஒரு மாணவன் கேட்டான். அரை வகுப்பு அந்தக் கேள்வியிலேயே போனது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி குறைகள். தாள் மெலிசு. ஜெல் பேனாவில் எழுதினால் மறுபக்கம் தெரிகிறது. பால்பாயிண்டில் எழுதச் சொல்லிவிட்டேன். பைண்டிங் தையல் உறுதியாக இருக்கிறது, ஆனால் மூன்று நோட்டில் முன்அட்டைத் துணி ஓரத்தில் பிரிந்துவிட்டது. கடைக்காரர் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்.

பெரிய குறை அச்சில் இருக்கிறது. கடைசி 20 பக்கம் கொள்முதல், விற்பனைப் பதிவுக்கு என்று தனியாகக் கோடு போட்டிருக்கிறார்கள். அதில் 'வரி' என்று ஒரே ஒரு பத்திதான். ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த வாட் வரிக் காலத்து அச்சுப் பிளேட்டை மாற்றாமலே அடிக்கிறார்கள் போல. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. இத்தனை வருடம் கழித்தும் இது சரியில்லை. 18 சதவீத வரியுள்ள 20,000 ரூபாய்ச் சரக்கை மதுரையில் வாங்கினால் மத்திய வரி 1,800, மாநில வரி 1,800 என்று இரண்டாக எழுத வேண்டும். பெங்களூரிலிருந்து வந்தால் 3,600 முழுவதும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான வரி. இதை ஒரே பத்தியில் எழுதப் பழகிய மாணவர், மத்திய வரிக்கு இருக்கும் உள்ளீட்டு வரவை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) மாநில வரிக்குக் கழிக்க முடியாது என்பதை எப்படிப் புரிந்துகொள்வார்? நாங்கள் ஸ்கேல் வைத்து மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொண்டோம். அதற்கே ஒரு வகுப்பு செலவானது.

முதல் பக்கத்தில் 'மதிப்பீட்டு ஆண்டு' என்றும் ஒரு வரி அச்சாகியிருக்கிறது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால், முந்தைய ஆண்டு (வருமானம் வந்த ஆண்டு), மதிப்பீட்டு ஆண்டு (அதற்கு வரி கணக்கிடும் ஆண்டு) என்ற இரட்டைக் கணக்குக்குப் பதில் 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல்தான். அதையும் மாற்ற வேண்டும்.

டேலி இருக்கும்போது இதற்கு ஏன் வரியோடு சேர்த்து 130 ரூபாய் என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. டேலியின் கல்விப் பதிப்பு இலவசம், நானும் இரண்டாம் பருவத்தில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும் என்பதால் கணக்கின் தேதிகளை அதற்கேற்ப மாற்றிக் கொடுப்பேன். நோட்டில் எழுதிப் பழகிவிட்டு டேலிக்குப் போகிற பிள்ளை, திரையில் ஓர் எண் வரும்போது அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகிறது. இந்தப் பருவத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். அதற்காக 130 ரூபாய் கொடுக்கலாம். கொடுக்க முடியாத ஐந்து பேருக்கு எங்கள் துறை ஆசிரியர்களே வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த வருடத்துக்கு 120 நோட்டு வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று பத்தி வரைந்த மாதிரித் தாள் ஒன்றும் கொடுத்துவிட்டு வந்தேன். 200 எடுத்தால் பிளேட் மாற்றி அடித்துத் தருவதாகச் சொல்கிறார். பக்கத்துக் கல்லூரிகளில் முதலாண்டுக்குக் கணக்கியல் எடுக்கிறவர்கள் யாராவது 80 நோட்டுக்குச் சேர்ந்துகொண்டால் ஜூனுக்குள் வேலை முடிந்துவிடும்.